நடுநாயகம்

சாலையைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. கண்ணாடியைப் பார்த்து ஓட்டுகிறவர்கள் உண்டு. இந்தப் பெரியவள் பத்து வருடம் இரண்டையும் பார்த்து ஒழுங்காகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான்கு வருடம் ஓர்ப்படியைப் பார்த்து ஓட்டினாள். நான் சொல்லப் போவது அந்த நான்கு வருடத்து வயிற்றெரிச்சலைத்தான்.

பெரியவள் என்றதும் தலை நரைத்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்தாறு வயது. திடமான உடம்பு. வேன் கதவை ஒரே இழுப்பில் சாத்துகிற கை. அந்த வீட்டில் அண்ணன், தம்பி என்று இரண்டு பேர். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டதால் இவள் பெரியவள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் பெரியவள் இரண்டாவது மாடி, சின்னவள் நான்காவது மாடி. பெரியவளின் புருஷனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிற மனுஷன், கட்டினவளை மட்டும் இரண்டாவது மாடியிலேயே விட்டுவிட்டான் என்று அவள் குத்திக் காட்டாத நாள் கிடையாது. மாமியார் இருப்பது சின்னவள் வீட்டில். ஏன் என்று கேட்டால், "அங்க காத்து நல்லா வருது" என்பாள். இரண்டு மாடி இறங்கினால் காற்று நின்றுவிடுமா? நீங்களே சொல்லுங்கள்.

ஓர்ப்படிகள் இரண்டு பேரும் வேலை பார்ப்பதும் ஒரே இடம்தான். ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்புகிற பெரிய சலவைக்கூடம். உள்ளே நுழைந்தால் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடிக்கும். ஆறு வேன், ஆறு ஓட்டுநர்கள். காலை ஆறரைக்கு ஆள் உயரச் சக்கரக் கூண்டுகளில் வெள்ளை வெளேரென்று துணியை அடுக்கி, பெல்ட் போட்டு இறுக்கி, விரைவுச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போய் இறக்க வேண்டும். திரும்பும்போது அழுக்குத் துணி மூட்டைகள். ஈரத்தோடு வருவதால் கனம் அதிகம், பிரேக்கை அதற்குத் தகுந்தாற்போல் மிதிக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக மிதித்துவிட்டால் கூண்டெல்லாம் உருண்டு வந்து முதுகுக்குப் பின்னால் இருக்கும் தடுப்பில் தடதடவென்று இடிக்கும். பெரியவளின் வேனில் பதினான்கு வருடமாக அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை, அந்தப் பெருமையில் பொய்யும் இல்லை.

அந்த விரைவுச்சாலையில் ஒரு திசைக்கு மூன்று லேன். சட்டம் ரொம்ப எளிது. ஓர லேனில் போ. முன்னால் மெதுவான வண்டி இருந்தால் நடு லேனுக்கு வந்து முந்து. முந்தியாயிற்றா, மறுபடி ஓரத்துக்குப் போய்விடு. நடு லேனில் போகிறவனையும் முந்த வேண்டும் என்றால்தான் கடைசி லேன். ஓரத்துப் பக்கமாகப் புகுந்து யாரையும் முந்தக் கூடாது. இவ்வளவுதான். லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள், வாங்கியதும் மறந்துவிடுவார்கள்.

பெரியவள் மறக்கவில்லை. சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான். விரைவுச்சாலையில் ஏறினால் நேராக நடு லேன். இறங்க வேண்டிய இடம் வரும்வரை நடு லேன். ஓரம் காலியாகக் கிடந்தாலும் சரி, பின்னால் பத்து வண்டி வரிசை கட்டி நின்றாலும் சரி, எண்பதில் முள்ளை வைத்துக்கொண்டு அம்மாள் போய்க்கொண்டே இருப்பாள். கேட்டால் காரணமும் வைத்திருந்தாள். "ஓரத்துல போனா லாரிக்காரன் புகை. போதாததுக்கு எங்கேர்ந்தாவது எவனாவது உள்ள நுழைஞ்சுக்கிட்டே இருப்பான். அந்தக் கோடியில போனா பறக்கிறவன் பின்னாடி வந்து லைட் அடிப்பான். நடுவுல போனா எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல." அவளுக்குத் தொந்தரவு இல்லை என்பது உண்மைதான்.

ஆனால் அது வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இருந்தது வேறு. பெரியவள் அந்த வீட்டுக்கு வந்து நான்காம் வருடம் கொழுந்தனுக்குக் கல்யாணம். குடும்பப் படம் எடுக்கும்போது மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளிடம் படக்காரர், "கொஞ்சம் ஓரமா வாங்கம்மா, பொண்ணு மாப்பிள்ளை நடுவுல வரட்டும்" என்றார். நகர்ந்தாள். "இன்னும் கொஞ்சம்." நகர்ந்தாள். படம் கையில் வந்தபோது அதில் பெரியவளின் பாதி முகமும் ஒரு முழங்கையும்தான் இருந்தன. படம் இன்றைக்கும் மாமியார் கட்டிலுக்கு மேலே, அதாவது நான்காவது மாடியில், தொங்குகிறது. அன்றைக்கு அவள் வாயில் ஏறிய வார்த்தை, "என்னை ஓரங்கட்டிட்டாங்க." அதற்கப்புறம் எதற்கெடுத்தாலும் அதே வார்த்தைதான். மாமியார் முதலில் சின்னவளைக் கூப்பிட்டால் ஓரங்கட்டிட்டாங்க. கொழுந்தன் வாங்கி வந்த பழத்தில் சின்னது இவள் பங்குக்கு வந்தால் ஓரங்கட்டிட்டாங்க. இப்படிப்பட்டவளிடம் போய் ஒரு சட்டப் புத்தகம் 'ஓரமாகப் போ' என்று சொன்னால் கேட்பாளா?

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. நடுநாயகம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஊழியர்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார்கள். இந்தத் தடவை பெரியவள் ஏமாறவில்லை, முதல் ஆளாகப் போய் மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில், நட்டநடுவில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான், "நடுநாயகம் வந்தாச்சு, கேட்டைத் தெற" என்று யாரோ ஆரம்பித்தார்கள். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தேடிவந்த பட்டம் இல்லையா? சாப்பாட்டு டப்பா மாறிப்போகாமல் இருக்க எல்லாரும் மூடியில் பேர் எழுதி ஒட்டுவார்கள். இவள் கொட்டை எழுத்தில் 'நடுநாயகம்' என்றே எழுதி ஒட்டிக்கொண்டாள்.

கொழுந்தனின் மூக்குக்கண்ணாடிக் கடையை மூட வேண்டி வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. ஒரு நாள் புருஷன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "அவங்க வீட்டுல கொஞ்சம் கஷ்டம். அந்தப் பொண்ணுக்கு உங்க இடத்துல ஏதாச்சும் பாத்துக் குடேன்."

மறுப்பாள் என்று நினைத்திருந்தான். "வரச் சொல்லுங்க" என்றாள் பெரியவள். மனதுக்குள் ஏகக் கொண்டாட்டம். நான்காவது மாடி இரண்டாவது மாடிக்கு இறங்கி வந்து கை கட்டி நிற்கிற காட்சியை நினைத்து நினைத்து அன்றைக்கு இரண்டு தடவை பால் பொங்கி வழிய விட்டாள்.

சின்னவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். வேன் புதுசு. மேலாளரிடம் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வேனை எடுத்துப் பெரியவளே கற்றுக்கொடுத்தாள். கிளட்ச்சும் கியரும் சின்னவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டன, அதுவே இவளுக்குப் பிடிக்கவில்லை. விரைவுச்சாலையில் முதல் தடவை ஏறினார்கள். முன்னால் ஒரு லாரி. சின்னவள் சிக்னல் போட்டு நடு லேனுக்கு வந்து லாரியை முந்தினாள், முந்திவிட்டு அங்கேயே போய்க்கொண்டிருந்தாள். ஆஹா, அப்படி ஒரு ஒய்யாரம்! பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க என்ன வேலை உனக்கு?"

"ஏங்க்கா?"

"நீ புதுசு. ஓரமா போ. குறுக்க ஏதாவது வந்தா முந்து, முந்தின உடனே மறுபடி ஓரத்துக்குப் போயிடணும். நடுவுல போறதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும். என்னிக்கும் ஓரந்தான் உனக்கு, தெரிஞ்சுதா?"

"சரிக்கா" என்று சின்னவள் ஓரத்துக்குப் போனாள். அந்த ஒரு 'சரிக்கா'வைக் கேட்டதில் பெரியவளுக்கு ஒரு வாரம் பசியே எடுக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். சின்னவள் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். நான்கு வருடமும் ஓரம்தான். மெதுவாகப் போகிற வண்டி வந்தால் வெளியே வருவாள், முந்துவாள், ஓரத்துக்குத் திரும்புவாள். போகப் போக அது பார்க்கவே அழகாக ஆகிவிட்டது, அதுதான் தொல்லை. காலையில் போட்ட சட்டை சாயங்காலம் வரைக்கும் கசங்காது. ஆஸ்பத்திரித் துணி அறையில் இருக்கிற சிடுமூஞ்சி நர்சம்மா, பெரியவளைக் கண்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள், சின்னவளைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போடுவாள். ஒரே தூரம், ஒரே மாதிரி வேன், ஆனால் சின்னவள் தினமும் மூன்று நான்கு நிமிடம் முன்னால் வந்துவிடுவாள். அதெப்படி? பெரியவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு புதன்கிழமை அதற்கும் விடை கிடைத்தது. பெரியவள் வழக்கம்போல் நடு லேனில் எண்பதில் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஓர லேனில் சின்னவளின் வேன். சலவைக்கூடத்து வேன்களுக்குத் தொண்ணூறு வரை போக அனுமதி, அந்தத் தொண்ணூறில் வந்துகொண்டிருந்தாள். ஓரம் கண்ணுக்கெட்டிய தூரம் காலி. அப்படியே நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. வேகத்தைக் குறைத்தாள். சிக்னல் போட்டு நடு லேனுக்கு வந்து பெரியவளின் பின்னால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். மறுபடி சிக்னல், கடைசி லேன். பெரியவளைத் தாண்டினாள். சிக்னல், நடு லேன். சிக்னல், ஓரம். அப்புறம் ஜன்னல் வழியாகக் கையை வேறு தூக்கிக் காட்டினாள். பின்னாலேயே இன்னும் ஐந்தாறு கார்கள் அதேபோல் சுற்றிக்கொண்டு போயின.

பெரியவளின் காதில் புகை வராத குறை. நடுத்தெருவில் கிடக்கிற குப்பைத்தொட்டியைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரியல்லவா போகிறாள்!

சாயங்காலம் வேன்களைக் கழுவும் இடத்தில் பிடித்துக்கொண்டாள். "என்ன, ரோட்டுல நாட்டியமா ஆடற?"

"இல்லக்கா, ஓரத்துப் பக்கமா முந்தக் கூடாதுல்ல. அதான் சுத்தி வந்தேன்."

"ஏன், நான் போற வேகம் உனக்குப் பத்தலையோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லக்கா."

அந்த 'ஐயோ'தான் பெரியவளை அன்றைக்குச் சாப்பிட விடவில்லை. பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் நன்றாக ஏசியிருக்கலாம். பணிவாகப் பேசுகிறவளை என்ன செய்வது?

இந்த லட்சணத்தில்தான் வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேலாளர் ஒரு தாளை ஒட்டினார். ஆறு ஓட்டுநர்களுக்கும் மேலே ஒரு தலைமை ஓட்டுநர். யார் எந்த வழி போக வேண்டும் என்று சொல்வதும், எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. வெளியிலிருந்து ஒருவர் வந்து எல்லாருடைய வேனிலும் ஒரு நடை போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

தாளைப் படித்த கணத்திலேயே பெரியவள் அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வருட அனுபவம், ஒரு கீறல் கிடையாது. இவளை விட்டால் யார்? ஆனால் திரும்பிப் பார்த்தால் அதே தாளைச் சின்னவளும் படித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டில் மாமியாரைக் கொண்டுபோனாள், காற்றைக் கொண்டுபோனாள். இங்கேயும் இவள் எனக்கு மேலே வந்துவிட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த லிஃப்டில் ஏறுவேன்? வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அவளுக்குக் கிடைக்கக் கூடாது. வேறு யாருக்குப் போனாலும் பெரியவள் ஆற்றிக்கொள்வாள்.

"ஏன் அந்தப் பொண்ணோட மல்லுக்கு நிக்கற? யாருக்குக் கெடைச்சாலும் நம்ம வீட்டுக்குத்தானே" என்றான் புருஷன்.

"நம்ம வீடா? எத்தனாவது மாடி?" என்று கேட்டாள்.

தேர்ந்தெடுக்க வந்தவர் போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வுபெற்றவர். குள்ளமான ஆள், காதில் ஒரு பென்சில். பென்சில் சார் என்று அன்றைக்கே பேர் வைத்துவிட்டார்கள். பெரியவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, மடியில் ஒரு தாளை விரித்தார். பெரியவள் வேனை எடுத்தது அவருக்கே தெரிந்திருக்காது, அத்தனை நைசு. விரைவுச்சாலையில் ஏறி, வழக்கம்போல் நடு லேனில் போய் அமர்ந்தாள்.

ஐந்து கிலோமீட்டர் போனதும் பென்சில் சார் மெதுவாகக் கேட்டார். "ஓரம் காலியா இருக்கேம்மா?"

"இருக்கு சார்."

"போகலையா?"

"எதுக்கு சார்? ஓரத்துக்குப் போறதும் வர்றதும் அலைச்சல். நான் ஒரே நிதானம். கூண்டு சத்தம் கேக்குதா பாருங்க."

"கேக்கலை. நல்லா ஓட்டறீங்க." அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "பின்னாடி ஏழு வண்டி இருக்கும்மா."

"அவங்களுக்கு அவசரம்னா நானா சார் பொறுப்பு? சுத்திக்கிட்டுப் போகட்டும்."

அவர் ஏதோ எழுதினார். எழுதுகிறார் என்றதும் பெரியவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்து அவர் சின்னவளோடு போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. சும்மா இருக்க முடியுமா? "அடுத்து வரப்போறது என் ஓர்ப்படி சார். நான்தான் கத்துக் குடுத்தேன். நான் சொல்லக் கூடாது, ஆனா தைரியம் பத்தாது. நாலு வருஷமாச்சு, இன்னும் ஓரத்தை விட்டு வரத் தெரியல. முந்தறதுக்கு மட்டும் வெளிய வரும், முந்தின உடனே பயந்துக்கிட்டு ஓரத்துக்கு ஓடிடும். அதெல்லாம் எப்படி சார் ஆறு பேரை மேய்க்கும்?"

"அப்படியா? ஒவ்வொரு தடவையுமா?"

"ஒரு தடவை தவறாது சார்!"

"ரொம்ப நல்லதும்மா, சொன்னதுக்கு" என்று பென்சில் சார் அதையும் எழுதிக்கொண்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது எனக்கு. பெரியவளுக்கோ தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்து வாசலில் ஹாரன் அடித்தாள். காவலாளி எட்டிப் பார்த்து, "நடுநாயகம் வந்தாச்சு!" என்று பழக்கத்தில் கத்திக்கொண்டு கேட்டைத் திறந்தான்.

"உங்களையா?" என்றார் பென்சில் சார்.

"ஆமா சார். எல்லாம் ஒரு மரியாதைதான்."

பென்சில் சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பொருத்தமாத்தான் வெச்சிருக்காங்க. முப்பத்தெட்டு கிலோமீட்டர் நடு லேனை விட்டு நகரலியேம்மா!"

காவலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த முதுகு ஆடியதைப் பெரியவள் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வேனை நிறுத்திவிட்டு நேராக இஸ்திரி இயந்திரத்துக்குப் போனாள். விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த தோழி ஒருத்தி இருந்தாள், பத்து வருடப் பழக்கம்.

"நடுநாயகம்னு என்னை ஏன் கூப்பிடறீங்க?"

"இதென்ன கேள்வி? நடு லேனை விடவே மாட்டேங்கறியே, அதுக்குத்தான்."

"படத்துல நடுவுல உக்காந்ததுக்கு இல்லையா?"

தோழியின் கையில் இருந்த விரிப்பு அப்படியே நின்றது. "அடிப்பாவி, உனக்குத் தெரியாதா? டப்பாவுல நீயே எழுதி ஒட்டியிருக்கறதப் பாத்து, பரவால்லையே, கேலியக்கூடச் சிரிச்சிக்கிட்டு ஏத்துக்கறாளேன்னுல்ல நெனச்சோம்!"

"சின்னவளுக்கும் தெரியுமா?"

"வந்த முதல் வாரமே கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு. ஆனா ஒண்ணு, அது வாயால ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்ல."

சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் அவளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கரித்துக் கொட்டியிருக்கலாம். அந்த வழியையும் அடைத்துவிட்டாள். பெரியவள் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை எல்லாரையும் துணி அடுக்கும் மேடைக்கு முன்னால் நிற்க வைத்து மேலாளர் சொன்னார். தலைமை ஓட்டுநர், சின்னவள். பெரியவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்ததுபோல்தான் இருந்தது, இருந்தாலும் காது அடைத்துக்கொண்டது. அதோடு முடிந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள். "நாலு வருஷத்துல இந்த ஒழுங்கை எங்க கத்துக்கிட்டன்னு வந்து பாத்தவர் கேட்டாராம். நீயே சொல்லும்மா" என்றார் மேலாளர்.

சின்னவள் கூச்சத்தோடு முன்னால் வந்தாள். "எங்க அக்காதான். முதல் நாளே சொன்னாங்க, ஓரமா போ, முந்தினா உடனே ஓரத்துக்கு வந்துடுன்னு. அதைத்தான் புடிச்சுக்கிட்டேன்."

எல்லாரும் பெரியவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். இஸ்திரித் தோழி தட்டினாள், காவலாளி தட்டினான். பெரியவள் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வது? எந்த வாயால் அவளை ஓரங்கட்டினாளோ அந்த வாயாலேயே அவளை மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள், அதற்குக் கைதட்டல் வேறு. அன்று சாயங்காலம் லிஃப்டில் ஏறாமல் படியில் நடந்தே போனாள்.

அடுத்த வாரம் தலைமை ஓட்டுநர் ஒவ்வொருவர் வேனிலும் ஒரு நடை உட்கார்ந்து போக வேண்டும் என்று உத்தரவு. வியாழக்கிழமை பெரியவளின் முறை. சின்னவள் ஏறி உட்கார்ந்தாள். அதே கசங்காத சட்டை. மடியில் அதே மாதிரித் தாள்.

விரைவுச்சாலையில் ஏறியதும் பெரியவள் வேண்டுமென்றே நேராக நடு லேனுக்குப் போனாள். "எழுதிக்க" என்றாள்.

சின்னவள் எழுதவில்லை. பின்னால் ஒரு கார் வந்து சேர்ந்தது. இன்னொன்று. மூன்றாவது வண்டி லைட் அடித்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக் கூடாது."

"சொல்லுங்க. இப்ப நீங்கதானே மேல."

"அன்னைக்கு என்னை ஓரமா போகச் சொன்னீங்கள்ல, அது ரூலுக்காகச் சொல்லலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சேவா அத்தனை பேர் முன்னாடி அக்கா சொல்லிக் குடுத்தாங்கன்னு சொன்ன? என்னைக் கேலி பண்றதுக்கா?"

"இல்லக்கா. சொல்லிக் குடுத்தது நீங்கதானே? மனசுல என்ன வெச்சுக்கிட்டு சொன்னீங்கங்கறது நமக்குள்ள." சின்னவள் மடியில் இருந்த தாளை மடித்து வைத்தாள். "நான் மட்டும் என்ன யோக்கியமா? உங்களப் பாத்து எனக்கு அவ்வளவு பொறாமை. அப்பல்லாம் வேனை வீட்டுக்கே கொண்டுவருவீங்கல்ல, காலையில நீங்க கதவை அடிச்சுச் சாத்தற சத்தம் நாலாவது மாடி வரைக்கும் கேக்கும். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன். அத்தை எங்ககிட்ட வந்தது காத்துக்காகவா? பெரியவ வேலைக்குப் போறவ, அவளத் தொந்தரவு பண்ணக் கூடாது, நீ வீட்டுல சும்மாதானே இருக்கன்னு சொல்லிக்கிட்டு வந்தாங்க. வேலைக்கு வந்தப்பறமும் அப்படித்தான். நான் ஓரத்துல போறப்ப, நீங்க பாட்டுக்கு நடுவுல யாருக்கும் நகராம போவீங்க. பாத்தா வயிறு எரியும்."

பெரியவளின் வாழ்நாளில் இத்தனை இனிப்பான பேச்சை யாரும் அவளிடம் பேசியதில்லை. கட்டின புருஷன் கூடப் பேசியதில்லை. பின்னால் ஹாரன் அடித்தது காதிலேயே விழவில்லை.

"வயிறு எரிஞ்சுதா? நெசமாவா?"

"நெசமாக்கா."

"ரொம்பவா?"

"ரொம்ப. சில நாள் சோறு எறங்காது."

எனக்கு இறங்காத நாளெல்லாம் இவளுக்கும் இறங்கவில்லையா! பெரியவளுக்கு வாயெல்லாம் பல். தலைமை ஓட்டுநர் வேலையாவது ஒன்றாவது, இது போதும், இதை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடலாம். ஆசை அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது.

"இப்பவும் எரியுதா?"

சின்னவள் யோசித்தாள். குத்திக் காட்டுகிற எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை, கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள்.

"இப்ப இல்லக்கா."

பின்னால் வந்தவர்களில் இரண்டு பேர் பொறுமையிழந்து கடைசி லேன் வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் போகிற போக்கில் கையை ஆட்டித் திட்டினான். பெரியவள் பார்க்கவில்லை. கண்ணில் நீர் கட்டி நின்றது, துடைத்துக்கொண்டால் தெரிந்துவிடும் என்று துடைக்கவில்லை.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"எதைக்கா?"

"எரியுதுன்னு."

"சொல்லியிருந்தா?"

"நானே ஓரத்துக்கு வந்திருப்பேனேடி" என்றாள் பெரியவள்.

சின்னவள் தன் பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் நன்றாகப் பார்த்தாள்.

"இப்ப காலியாத்தான் இருக்குக்கா. வாங்க" என்றாள்.